மகன் கேட்ட பயணம்

ஸ்ரீநகரிலிருந்து லே போகும் நெடுஞ்சாலையில் சோஜி லா கணவாயைத் தாண்டி இறங்கினால் திராஸ் வரும். சின்ன ஊர்தான். ஆனால், மக்கள் குடியிருக்கும் மிகக் குளிரான இடங்களில் ஒன்று என்று பெயர் வாங்கிய ஊர். குளிர்காலம் முழுக்கப் பனியில் அடங்கிக் கிடக்கும் திராஸுக்கு, ஆண்டுதோறும் ஜூலை கடைசியில் கூட்டம் வந்து சேர்கிறது. ராணுவத்தினர், மாணவர்கள், சுற்றுலாப் பயணிகள். அவர்களோடு, 1999-ல் மகனையோ கணவரையோ அப்பாவையோ பறிகொடுத்த குடும்பங்களும்.

ஜூலை 26, கார்கில் வெற்றி தினம். முந்தைய நாள் மாலை, உயிர் நீத்தவர்களுக்காக விளக்கேற்றுவார்கள். மறுநாள் காலை மலர்வளையம், மௌன அஞ்சலி. அந்தப் போரில் இந்தியா இழந்த வீரர்கள் 527 பேர். நினைவிடத்தில் உள்ள சுவரில் அவர்களின் பெயர்கள் இருக்கின்றன. தன் வீட்டுப் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, அதை விரலால் தடவிப் பார்ப்பதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

பெயரைப் பார்த்து முடித்ததும் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று இருக்கிறது. தலையை நிமிர்த்தி மேலே பார்ப்பது. நினைவிடம் இருப்பது தோலோலிங் மலையின் அடிவாரத்தில். எதிரே நிற்கிறது அந்த மலை. மரம் இல்லை, செடி இல்லை. ஒளிந்துகொள்ள ஒரு புதர்கூட இல்லாத மொட்டைப் பாறை.

நம் ஊட்டி தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். திராஸ் ஊரே அதைவிட உயரத்தில்தான் இருக்கிறது. அங்கு நின்று மூச்சு வாங்கும்போது, சண்டை நடந்த சிகரங்கள் இன்னும் 1,000, 1,500 மீட்டருக்கு மேலே தெரியும். அவற்றில் பலவற்றுக்குப் பெயரே இல்லை. பாயின்ட் 4590, பாயின்ட் 4875 என்று எண்கள்தான். அந்த எண், மீட்டரில் அந்தச் சிகரத்தின் உயரம்.

குளிர்காலத்தில் காலியாக இருந்த அந்தச் சிகரங்களில் பாகிஸ்தான் படையினர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கீழே போகும் நெடுஞ்சாலை அவர்களின் பீரங்கிக் குறிக்குள் வந்தது. லடாக்குக்கு உணவும் ஆயுதமும் போகும் சாலை அது. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக்கூடாது என்பது நம் படைக்கு அரசு போட்ட உத்தரவு. சுற்றி வளைத்துப் பின்பக்கமாகப் போக வழியில்லை. பகலில் ஏறினால் மேலே இருப்பவன் கண்ணில் பட்டுவிடும். அதனால் இரவில், முதுகில் சுமையோடு, பாறையைப் பிடித்து ஏறினார்கள். இப்படித்தான் ஜூன் 13 அன்று தோலோலிங் மீட்கப்பட்டது. ஜூலை 4 அன்று டைகர் ஹில்.

தோலோலிங் சண்டையில் இருந்தவர்களில் ஒருவர் கேப்டன் விஜயந்த் தாப்பர். ராஜ்புதானா ரைஃபிள்ஸ் இரண்டாம் படைப்பிரிவு. வயது 22. ராணுவ அதிகாரியாகி ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்த சண்டைக்குக் கிளம்பும் முன் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதி, தான் திரும்பாவிட்டால் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். ஜூன் 29 அன்று அவர் வீரமரணம் அடைந்தார். கடிதம் வீடு வந்து சேர்ந்தது. பின்னர் அவருக்கு வீர் சக்ரா விருது அளிக்கப்பட்டது.

அந்தக் கடிதத்தில் அவர் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. முடிந்தால், நாம் சண்டை போட்ட இடத்தை வந்து பாருங்கள் என்று பெற்றோரிடம் கேட்டிருந்தார். உடல் உறுப்புகளில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொள்ளட்டும் என்றும், அனாதை இல்லத்துக்குக் கொஞ்சம் பணம் கொடுங்கள் என்றும் எழுதியிருந்தார். இன்னொன்று, காஷ்மீரில் அவர் பழகிய ஒரு சிறுமியைப் பற்றியது. தீவிரவாதத்துக்குத் தந்தையைப் பறிகொடுத்த குழந்தை. அவளுக்கு மாதம் 50 ரூபாய் கொடுப்பதை நிறுத்த வேண்டாம் என்று கேட்டிருந்தார்.

தந்தை வி.என். தாப்பரும் ராணுவத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் கேட்டபடி ஆண்டுதோறும் திராஸுக்குப் போய் வருவதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். மகன் விழுந்த உயரம் வரையிலும் ஏறிப் பார்த்தார். பிள்ளை கடைசியாக எதைப் பார்த்தான், எந்தக் காற்றில் மூச்சு வாங்கினான், எந்தப் பாறையைப் பிடித்தான் என்று பெற்றவர்களுக்குத் தெரிந்தாக வேண்டியிருக்கிறது. பதக்கத்தைப் பார்த்தோ அறிக்கையைப் படித்தோ அது தெரிவதில்லை.

திராஸில் இருக்கும் பெயர்களில் ஒன்று நம் திருச்சிக்கும் சொந்தம். பிகார் ரெஜிமென்ட்டில் இருந்த மேஜர் மாரியப்பன் சரவணன், மே 29 அன்று படாலிக் பகுதியில் உயிர் நீத்தார். போர் தொடங்கிய ஆரம்ப நாட்கள் அவை. சண்டை ஓயாத அந்த உயரத்திலிருந்து அவர் உடலைக் கீழே கொண்டுவர ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. அத்தனை நாளும் குடும்பம் காத்திருந்தது. அவருக்கும் வீர் சக்ரா. திருச்சியில் அவர் பெயரில் நினைவிடம் இருக்கிறது. திராஸ் வரை போக முடியாதவர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் வரலாம்.

திராஸ் போகிறவர்கள் கோடையில்தான் போக வேண்டும். உயரம் பழக, வழியில் ஒருநாள் தங்குவது நல்லது. ஜூலையிலும் கம்பளி உடை தேவைப்படும். போனதும் ஓடியாடாமல் மெதுவாக நடக்க வேண்டும். செல்ஃபி எடுப்பதில் தவறில்லை. ஆனால், பக்கத்தில் நிற்பவர் ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருக்கலாம். அவருக்குக் கொஞ்சம் இடம் விட்டு நிற்கலாம்.

விஜயந்த் கேட்டவற்றில், வந்து பார்ப்பது மட்டும்தான் மலையேறிச் செய்ய வேண்டியது. மற்றவை, அனாதை இல்லத்துக்குக் கொஞ்சம் பணம், தகப்பன் இல்லாத ஒரு குழந்தைக்கு மாதம் 50 ரூபாய். அவற்றுக்கு ஜூலை 26 வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்த ஊரில் இருந்தும், எந்த மாதத்திலும் செய்யலாம்.