உழுவை என்பது ஒரு மீனன்று

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு சிலாபக் களப்பின் கரைக்குச் சென்றிருந்தோம். அங்கு வலையை உதறிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், விலைக்கு உதவாத பொடிமீன்களை ஒரு புறமாகத் தள்ளினார். விரல் நீளங்கூட இல்லாத, மண்ணிறங் கொண்ட, தலை பெருத்த மீன்கள் அவை. அவற்றுட் சிலவற்றைக் கேட்டு வாங்கினோம்.

“எல்லாம் உழுவைதான், மாஸ்டர். இதில் படிக்க என்ன இருக்கிறது?” என்று கேட்டு அவர் நகைத்தார்.

அவ்வினாவுக்கு விடை கூறுவதே இவ்வாரம் நமது நோக்கம்.

உழுவையும் அதன் நெருங்கிய உறவுகளுமாக உலகில் ஏறத்தாழ 2,000 இனங்கள் உள்ளன. நமது இந்து சமுத்திரத்துச் சாகோசுத் தீவுகளிலிருந்து 1981 ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட ஓரினம், முழு வளர்ச்சி பெற்ற பின்னரும் ஏறத்தாழ ஒரு சென்றிமீற்றர் நீளமே கொண்டது. இத்தகைய சிற்றுயிர்களை நிறத்தைக் கொண்டு பிரித்தறிய முயல்வோர் ஏமாந்து போவர். கிடக்கும் மண்ணுக்கேற்ப அவற்றின் நிறம் மாறும், இறந்தபின் மங்கிவிடும். ஆதலின் உறுப்புக்களின் அமைப்பையும் எண்ணிக்கையையுமே நாம் துணையாகக் கொள்ளல் வேண்டும்.

முதலில் மீனை மல்லாத்திப் பாருங்கள். உழுவையின் இடுப்புச் செட்டைகள் இரண்டும் ஒன்றாய்க் கூடி ஒரு சிறு கிண்ணம் போலிருக்கும். நீரோட்டம் அடித்துச் செல்லாதவாறு கல்லையோ மண்ணையோ பற்றிக்கொள்ள அது உதவும். அடுத்து முதுகை நோக்குங்கள். அங்கே தனித்தனியாக இரண்டு செட்டைகள் இருக்கும். முன்னதில் ஆறு முட்களை எண்ணலாம். இறுதியாக வாயைத் திறந்து நாவைப் பாருங்கள். அதன் நுனி நடுவே பிளவுபட்டிருப்பின், அது நம் களப்புக்களிலும் ஆறுகளிலும் வாழும் உழுவையே. நாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டே விஞ்ஞானிகள் இதன் சாதிக்குக் ‘குளொசோகோபியசு’ என்று பெயரிட்டனர். கங்கை நதியின் மீன்களை ஆராய்ந்த பிரான்சிசு ஹமில்ற்றன் 1822 ஆம் ஆண்டிலேயே இவ்வினத்தை விவரித்துள்ளார். ஆயினும் அந்த ஒரு பெயருக்குள்ளேயே பல இனங்கள் மறைந்திருக்கக்கூடும் என்று இன்றைய ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

எம் மாணவர் இவ்வாறு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து வருகையில் ஒருவர், “ஐயா, இதற்குக் கிண்ணமில்லையே!” என்றார். தட்டையான நீண்ட மூக்குடைய மீன் அது. அதன் இடுப்புச் செட்டைகள் ஒன்றையொன்று சேராமல் இரண்டாகப் பிரிந்திருந்தன. ‘பூற்றிசு’ என்னும் சாதியைச் சேர்ந்த அது, உழுவைக்கு உறவேயன்றி உழுவை அன்று.

இதனை முதியவரிடம் காட்டினோம். அவர் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். “இவன் வேறு ஆள்தான். கண்டல் வேரில் தலைகீழாய்த் தொங்குவான். மற்றவன் மண்ணை விட்டு எழும்பமாட்டான்” என்றார்.

நாம் வியந்து நின்றோம். தலைகீழாய்க் கிடக்கும் அப்பழக்கத்தை நூல்களும் கூறுகின்றன. அவர் அதனைத் தம் கண்ணாலேயே கற்றிருந்தார். இரண்டும் வேறென்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. வேறொரு பெயர் மட்டுமே இல்லை.

இது சிறுவர் விளையாட்டன்று. யப்பானின் அக்கிகித்தோ, இளவரசராயிருந்த 1963 ஆம் ஆண்டில் இம்மீன்களின் தோளெலும்பைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். 1989 முதல் 2019 வரை சக்கரவர்த்தியாக வீற்றிருந்தவர், முடி துறந்த பின் 2021 ஆம் ஆண்டிலும் இரண்டு புதிய இனங்களை விவரிப்பதிற் பங்குகொண்டார். முடிதரித்த ஒருவர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தது, நம் வலைஞர் ஒதுக்கித் தள்ளும் மீனின் உறவுகளையே.

இதனால் விளையும் பயன் யாதென வாசகர் வினவலாம். 1980 ஆம் ஆண்டுகள் தொடக்கம் சிலாபம், புத்தளக் கரையோரங்களில் இறால் பண்ணைகளுக்காகக் கண்டற்காடுகள் பல அழிக்கப்பட்டன. 1996 ஆம் ஆண்டில் வெண்புள்ளி நோய் பரவி இறாலை மாய்க்கவே, பல குளங்கள் கைவிடப்பட்டன. 2016 ஆம் ஆண்டில் சிலாபத்தை அடுத்த பம்பலாவில் கண்டல்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது, அவ்விழப்பை உணர்ந்ததன் அறிகுறியாகும்.

ஆனால் எல்லாவற்றையும் உழுவை என்றே எண்ணிக் கணக்கிட்டால், வேரில் தொங்கும் மீன் வேரோடு மறைந்தாலும் நம் கணக்கிற் குறைவு தோன்றாது. மண்ணில் கிடப்பது எஞ்சியிருக்கும். ‘உழுவை இன்னும் உண்டு’ என்று நாமும் மனநிறைவு கொள்வோம். பெயரற்றது போய்விட்டதென்று எவரும் வருந்துவதில்லை.

ஆதலால் மாணவர்களே, அடுத்த முறை வலையோரம் பொடிமீனைக் கண்டால் ஒன்றை மல்லாத்திப் பாருங்கள். அருகில் நிற்கும் வலைஞரிடம் அது எங்கே வாழ்கிறதென்றும் கேளுங்கள். அவர் சொல்வதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.