சபூரை உபதேசிக்கும் முன்



“சபூர் செய்யம்மா!” கருவுற்ற பெண் கண்கலங்கும்போதெல்லாம் நம் வீடுகளில் அவளுக்குக் கிடைக்கும் ஒரே மருந்து இதுதான். பொறுமை ஈமானைச் சார்ந்த உயர்பண்பு என்பதில் ஐயமில்லை. ஆனால், துன்பம் இழைப்பவரே அதைத் தாங்கிக்கொள்ளுமாறு உபதேசிப்பதை எவ்வாறு மார்க்கம் என்பது? மேலும், அத்துன்பம் அவளோடு நின்றுவிடுவதுமில்லை.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவில், அரபியர் எனக் கருதப்பட்டோர்மீது வசையும் வன்முறையும் பெருகின. அதையடுத்த ஆறு மாதங்களில் கலிபோர்னியாவில் நிகழ்ந்த பிரசவங்களை, முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2006இல் வெளியானது. அரபுப் பெயர் கொண்ட தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 34 விழுக்காடு உயர்ந்திருந்ததாக அது கண்டது. ஏனைய தாய்மாரிடம் அத்தகைய உயர்வு இல்லை. அரபு மக்கள் பெருந்திரளாக வாழும் மிச்சிகன் மாநிலத்தில் பின்னர் நடந்த ஆய்விலோ இவ்விளைவு காணப்படவில்லை. சுற்றத்தாரின் அரவணைப்பு அங்கே கேடயமாக இருந்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு.

கலிபோர்னியச் செய்தியைப் படிக்கையில் நம் உள்ளம் கொதிக்கிறது; கொதிக்கத்தான் வேண்டும். ஆனால், தெருவிலே அந்நியர் காட்டும் பகைமை கருவறை வரை எட்டுமென்றால், அடுக்களையிலே உறவினர் அன்றாடம் வீசும் சுடுசொல் மட்டும் எட்டாதா?

மன அழுத்தத்தின்போது தாயின் உடலில் கார்ட்டிசால் என்னும் இயக்குநீர் மிகுதியாகச் சுரக்கிறது. அதன் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்து சிசுவைக் காக்கும் நொதி ஒன்றை வல்ல அல்லாஹ் நஞ்சுக்கொடியில் அமைத்துள்ளான். ஆகவே, அவ்வப்போது வந்துபோகும் கவலைக்குத் தாய்மார் அஞ்ச வேண்டியதில்லை. அழுத்தம் ஓயாது மாதக்கணக்கில் நீடித்தால்தான் அந்தக் காவல் தளரக்கூடும். 37 வாரம் நிறையுமுன் பிரசவமாவதும், குழந்தை 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறப்பதும் அத்தகைய தாய்மாரிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. இவ்வாறு பிறக்கும் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல், நோய்த்தொற்று, பாலருந்துவதில் சிரமம் ஆகிய இடர்கள் அதிகம்.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். தலைப்பிரசவச் செலவு முழுவதும் பெண்வீட்டார் தலையில் என்பது பல ஊர்களில் எழுதப்படாத சட்டம். மருத்துவமனைக் கட்டணம், பிள்ளைக்கு நகை, சம்பந்தி வீட்டாருக்கு விருந்து, சீர் என்று பட்டியல் நீள்கிறது. தன் தந்தை யாரிடம் கடன் கேட்டு நிற்கிறாரோ என்று எண்ணியபடியே ஒரு பெண் ஒன்பது மாதங்களையும் கழிக்கிறாள். போதாக்குறைக்கு, “ஆண் பிள்ளைதானே?” என்ற கேள்வி வேறு. கைக்கூலி வாங்கியதோடு நம் பேராசை அடங்கவில்லை. பிறவாத பிள்ளையின் பெயராலும் வசூலிக்கிறோம்!

இது எந்த மார்க்கத்தில் உள்ளது? தலாக் சொல்லப்பட்ட மனைவியேயானாலும், அவள் கருவுற்றிருந்தால் பிரசவிக்கும்வரை அவளுக்காகச் செலவிடுமாறும், அவளை நெருக்கடிக்குள்ளாக்கித் துன்புறுத்தலாகாது என்றும் திருக்குர்ஆன் (65:6) கட்டளையிடுகிறது. பிரிந்துபோகும் மனைவிக்கே இந்த உரிமை என்றால், உடன்வாழும் மனைவியின் பேறுகாலச் செலவை மாமனாரிடம் தள்ளிவிடும் கணவன் எந்த முகத்தோடு தொழுகைக்கு முதல் வரிசையில் நிற்கிறான்? தனக்கோ சிசுவுக்கோ தீங்கு நேருமென அஞ்சும் கர்ப்பிணிக்கு ரமலான் நோன்பிலேயே சலுகை அளித்தது ஷரீஅத். நாமோ ஒரு வேளை விருந்துச் சமையலில்கூட அவளுக்குச் சலுகை தருவதில்லை.

மர்யம் (அலை) அவர்கள் பேரீச்ச மரத்தடியில் பிரசவ வேதனையில் தவித்தபோது இறைவன் என்ன செய்தான்? கவலை வேண்டாம் என்ற ஆறுதலோடு, அருந்த நீரோடையையும் உண்ணக் கனிகளையும் அருளினான் (19:23-26). ஆறுதல் சொல்லும்போதே வேதனைக்குரிய தேவையையும் நிறைவேற்றித் தந்தான். நாமோ வெறும் சொல்லை மட்டும் தருகிறோம்.

கணவன்மாரே, பேறுகாலச் செலவு உங்கள் பொறுப்பு என்பதை இன்றே இரு வீட்டாரிடமும் அறிவியுங்கள். மாமியார்மாரே, நீங்கள் பட்ட துன்பத்தை மருமகளும் படவேண்டும் என்பது நியாயமாகாது. ஜமாஅத் நிர்வாகிகளே, கைக்கூலியைக் கண்டிக்கும் மேடையில் தலைப்பிரசவச் சீரையும் கண்டியுங்கள். கருவுற்ற பெண்ணின் துக்கம் நாட்கணக்கில் நீங்காதிருந்தால் ஈமானில் குறை என்று இழித்துரையாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

தாய்க்கு இழைத்த அநீதிக்கும், கருவிலிருந்த சிசுவுக்கு இழைத்த அநீதிக்கும் மறுமையில் நாம் விடை சொல்லியாக வேண்டும். அந்த விசாரணைக்கு அஞ்சி நடப்போராக நம்மை அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.