கல்லூரி இடமும் தலையெழுத்தும்

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்து, கல்லூரியில் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று பெற்றோரும் பிள்ளைகளும் காத்திருக்கும் காலத்தில், யாருக்கு லாபம் என்று பார்த்தால் ஜோசியனுக்கும் கோவில் உண்டியலுக்குமேயாகும். கட்-ஆப் மார்க்கு எழுதிய சீட்டை அர்ச்சனைத் தட்டில் வைப்பதும், பிள்ளையின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டுவதும், சனி தோஷம் தீர எள் விளக்கு ஏற்றுவதும் நாம் கண்ணாரக் காணும் காட்சிகளாகும்.

இவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். ஒரு படிப்பில் அறுபது இடம் இருக்க, அறுநூறு பேர் வேண்டிக்கொண்டால், அத்தனை பேரிடமும் காணிக்கை பெற்ற சாமி அறுபத்தோராவது இடம் ஒன்றை உண்டாக்குமா? இடம் கிடைக்காத ஐந்நூற்று நாற்பது பேருக்குக் காணிக்கை திரும்பி வருமா?

இடம் கிடைக்கும் விதத்தில் ரகசியம் ஏதுமில்லை. தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் கணக்குக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50 என்று 200-க்குக் கணக்கிட்டு வரிசை கட்டுகின்றார்கள். இருவர் சமமானால் கணக்கு மார்க்கு, பௌதிக மார்க்கு, கடைசியில் பிறந்த தேதி வரையில் பார்க்கின்றார்கள். அதுவும் ஒத்துப்போனால், கம்ப்யூட்டர் முன்னதாகவே ஆளுக்கொன்றாகக் கொடுத்து வைத்த எண்ணைக் கொண்டு தீர்க்கின்றார்கள். ஆகவே ஒரு படி முந்தியவன் மேதாவியுமல்ல. ஒரு படி பிந்தியவன் மூடனுமல்ல.

"எல்லாம் தலையெழுத்து" என்பாரும் உண்டு. கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட உத்தரவு செல்லாது என்று 1950-ல் சென்னை ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. மக்கள் கிளர்ந்தார்கள், 1951-ல் அரசியல் சட்டமே முதல் முறையாகத் திருத்தப்பட்டது. 2007-ல் இன்ஜினீயரிங் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. 2020-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் நூற்றுக்கு ஏழரை இடம் என்று சட்டம் வந்தது. இவற்றையெல்லாம் பிரம்மாவா எழுதினான்? மனிதர் கேட்டார்கள், மனிதர் எழுதினார்கள். மனிதர் மாற்றி எழுதக்கூடியது தலையெழுத்து ஆகுமா?

ஆதலால் காத்திருக்கும் நாட்களில் செய்ய வேண்டியது வேறு. ஜாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைச் சரிபார்த்து வையுங்கள். விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்துங்கள். கலைக் கல்லூரிக்கும் பாலிடெக்னிக்குக்கும் மனுப் போடுங்கள். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். தாலியை அடகு வைத்து நன்கொடை கொடுக்க ஓடாதீர்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" என்ற வார்த்தையை வீட்டிலிருந்து ஒழியுங்கள். மார்க்கு என்பது சில நாள் எழுதிய பரீட்சையின் கணக்கே தவிர, ஒருவருடைய மானத்தின் அளவு அல்ல. இடம் கிடைக்காத வெட்கத்தில் பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொள்ளும் செய்தியை நாம் வருஷந்தோறும் படிக்கின்றோம். இந்த வெட்கத்தை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது யார்? நாம்தானே!

இடம் போனால் அடுத்த வருஷம் வரும். வேறு படிப்பும் வரும். பிள்ளை போனால் வருமா? பெற்றோர்கள் சிந்திப்பார்களாக.