பஸ் ஜூஜூவாடியில நின்னா, நம்ம பசங்க சம்பளமும் நிக்குது!

2016, 2023 செப்டம்பர் ஞாபகம் இருக்கா தோழர்களே? காவிரிப் பிரச்சினை வெடிச்சதும் தமிழ்நாட்டு பஸ்கள் ஓசூர் எல்லையோட நின்னுச்சு. பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி வேலைக்குப் போறவங்க நடுரோட்டுல.

2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை, தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பணியில் 50%, மற்றதில் 70% உள்ளூர்க்காரர்களுக்கே என்ற மசோதாவுக்கு ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வெச்சாங்க. நாளைக்குத் திரும்ப வராதுன்னு என்ன உறுதி?

டிப்ளமோ, பி.இ. முடிச்ச நம்ம பிள்ளைங்க எதிர்காலம் பக்கத்து மாநில அரசியல் கையிலயா?

ஓசூர் சிப்காட்ல கம்பெனிக்குப் பஞ்சமில்ல, நிரந்தர வேலைக்குத்தான் பஞ்சம். அப்ரண்டிஸ் முடிஞ்சா வெளியே, இல்லன்னா கான்ட்ராக்ட்.

அவங்களை மாதிரி கதவை மூடச் சொல்லல. அரசு நிலமும் சலுகையும் வாங்குற கம்பெனி, பயிற்சி கொடுத்த பிள்ளைங்களை நிரந்தரமாக்கட்டும்!

#ஓசூரில்_நிரந்தரவேலை