பொதிகைக்கு பேரு மாறிடுச்சு... வேலையும் மாறலாமா?

1975 ஆகஸ்ட் 15-ந்தேதி தொடங்கியது சென்னை தொலைக்காட்சி. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' வந்தால் தெருவே வெறிச்சோடும். ஆனால் அதன் நிஜமான பலம் 'வயலும் வாழ்வும்'. பயிருக்கு என்ன நோய், என்ன மருந்து என்பதை விவசாயி வீட்டிலிருந்தே தெரிந்து கொண்டார். விளம்பரத்தை நம்பும் தனியார் சேனல்கள் இதுக்கெல்லாம் மாலை நேரத்தை ஒதுக்குமா?

பின்னாளில் 'பொதிகை' ஆன இந்த சேனல், 2024 ஜனவரியில் 'டிடி தமிழ்' ஆனது. டிடி ப்ரீ டிஷ் வைத்தால் மாதக் கட்டணம் கிடையாது. கேபிளுக்கு காசு கட்ட முடியாத வீட்டுக்கும் போய்ச் சேரும். அதுதான் இதன் சொத்து.

இங்கேயும் சீரியலும் சினிமாவுமே ஓடினால் உள்ளூர் விவசாயியும், கூத்துக் கலைஞரும் எங்கே போவார்கள்? பேரு பளபளன்னு இருந்தா மட்டும் போதாது. ஊர்க்குரலும் கேட்கணும்.