‘100 ஆண்டு வெள்ளம்’: அடுத்தது 100 ஆண்டு கழித்துதான் வருமா?

"இத்தனை வருஷமா ஒன்னும் ஆகல, இனியும் ஆகாது." ஆற்றோரம் குடியிருப்பவர்கள் இப்படிச் சொல்லி நீங்களும் கேட்டிருப்பீங்க. தேயிலைத் தோட்டங்களுக்குப் பேர்போன கேமரன் மலையில் அந்த நம்பிக்கை ஒருமுறை பொய்த்தது. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையில் ரிங்லெட் அருகே சுல்தான் அபு பக்கார் அணை நிரம்பி, மதகுகள் திறக்கப்பட்டன. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் சேதமடைந்தன, உயிர்களும் போயின.

நடந்ததை வைத்து நடக்கப்போவதை ஊகிப்பதற்குத் தொகுத்தறிதல் என்று பெயர். நேற்றுவரை உதித்த சூரியன் நாளையும் உதிக்கும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று 18ஆம் நூற்றாண்டிலேயே கேட்டவர் டேவிட் ஹியூம். புள்ளியியலும் உத்தரவாதம் தராது, வாய்ப்பைத்தான் சொல்லும்.

'100 ஆண்டு வெள்ளம்' என்றால், ஒவ்வோர் ஆண்டும் அது வர 1 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று பொருள். போன வருஷம் வந்துடுச்சு, இனி கவலையில்லை என்று இருக்க முடியாது. 30 ஆண்டுக் கடனில் வீடு வாங்குறீங்களா? கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது அது வர ஏறக்குறைய 26 விழுக்காடு வாய்ப்பு. நாலில் ஒன்று!

இதுவும் மலை மாறாமல் இருந்தால்தான். காட்டை அழித்து நிலமாக்கியதில் அரித்த மண் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் படிந்து, தண்ணீர் நிற்கும் இடம் குறைந்தது. ஆகவே, "இங்க வெள்ளம் வராது" என்று யாராவது சொன்னால், எந்த வருஷத்துக் கணக்கு என்று கேளுங்க.