பழைய கம்ப்யூட்டர்... கையில் 7,000 ரூபாய்!

காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு அம்மா அடுப்படிக்குப் போகிறார். பால் காய்ந்து, டிகாஷன் இறங்கி, காபி குடித்து முடித்துத் திரும்பி வந்தாலும் திரையில் அந்த வெள்ளைப் புள்ளிகள் இன்னும் வட்டமடித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

மன்னார்குடிப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அம்மா கல்லூரி மாணவர்களுக்கு புராஜெக்ட், தீசிஸ் டைப் செய்து கொடுப்பவர். மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு, டேலி பழக வேண்டும். வீட்டில் இருப்பது 2014-ல் வாங்கிய டெஸ்க்டாப். இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10.

சர்வீஸ் கடைக்காரர் பார்த்தார். "பத்து வருஷத்துக்கு மேல ஆச்சுக்கா. இதுல இனிமே காசு போடாதீங்க. புதுசு எடுத்துக்கங்க, இ.எம்.ஐ. போட்டுத் தர்றேன்" என்றார். அம்மாவின் கையில் இருப்பது சீட்டு எடுத்த 7,000 ரூபாய். அடுத்த மாதம் மகளுக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டும். புதுசுக்கு வழியே இல்லை.

கடைக்காரர் சொன்னது பாதி சரி. அந்தக் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது உண்மை. ஆனால், அதிலுள்ள எல்லாப் பாகங்களும் ஒரே மாதிரி முதுமை அடைவதில்லை.

முட்டுக்கட்டை எங்கே?

காசை எடுப்பதற்கு முன்னால், எது இழுத்துப் பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போய், வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்தபடி பார்க்க வேண்டும்.

மகள் பார்த்தாள். பிராசஸர் பெரும்பாலும் சும்மா இருந்தது. டிஸ்க் மட்டும் நிமிடக்கணக்கில் 100 சதவிகிதத்தில் நின்றது. மெமரியும் 90-ஐத் தாண்டியிருந்தது. அதே பக்கத்தில் ரேம் சொருகும் இடம் இரண்டில் ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது என்ற தகவலும் இருந்தது.

"பிராசஸர் நல்லாத்தாம்மா இருக்கு. டிஸ்க்தான் மூச்சு வாங்குது."

ஹார்டு டிஸ்க்குக்குள் தட்டு ஒன்று நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. கேட்கிற தகவல் இருக்கும் இடத்துக்கு அதன் ஊசி நகர்ந்து போய், தட்டு சுற்றி வரும்வரை காத்திருந்துதான் படிக்க முடியும். ஒரு சுற்றுக்கு சுமார் 8 மில்லிசெகண்ட். கேட்பதற்குக் குறைவாகத் தெரியலாம். ஆனால் விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இந்த ஓட்டம்தான். ரேம் போதாவிட்டால், இடம் கொள்ளாததையும் விண்டோஸ் இதே டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். ஏற்கெனவே மூச்சு வாங்குபவன் தலையில் இன்னொரு மூட்டை!

முதல் செலவு வேகத்துக்கு அல்ல

'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க்கின் உடல்நிலையை நிறத்தில் காட்டும். நீலம் என்றால் பரவாயில்லை. மஞ்சள் என்றால் எச்சரிக்கை. சிவப்பு என்றால் அபாயம். இந்த வீட்டில் வந்தது மஞ்சள்.

அந்த டிஸ்க்கில்தான் அம்மாவின் பத்து வருட டைப்பிங் வேலைகள், கல்யாண ஆல்பம், தாத்தாவின் கடைசிப் பிறந்தநாள் வீடியோ எல்லாம் இருக்கின்றன. வேறெங்கும் நகல் இல்லை. மெதுவாக இருப்பது தொல்லை மட்டும்தான். இது போனால் இழப்பு. எனவே, ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் அந்த வீட்டின் முதல் செலவு ஒரு 64 ஜி.பி. பென் டிரைவ்.

நகல் எடுக்கும்போது பலர் இரண்டு விஷயங்களை மறந்துவிடுவார்கள். ஒன்று, தமிழ் ஃபான்ட். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல்களை, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எனவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அவற்றையும் நகலெடுக்க வேண்டும். இரண்டாவது, டேலியின் டேட்டா ஃபோல்டர். அது 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டருக்குள்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. டேலியைத் திறந்து, எந்த இடத்தைக் காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய செலவு: எஸ்.எஸ்.டி.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு இல்லை, ஊசி இல்லை. மெமரி சிப்தான். கேட்ட இடத்திலிருந்து உடனே எடுத்துக் கொடுக்கும். பழைய டெஸ்க்டாப்பில் ஒரே ஒரு பாகம்தான் மாற்ற முடியும் என்றால் இதைத்தான் மாற்ற வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியது '2.5 இன்ச் சாட்டா எஸ்.எஸ்.டி.' குச்சி போல நீளமாக இருக்கும் என்.வி.எம்.இ. வகை இந்தக் கால போர்டுகளுக்கானது. 2014-ன் சாதாரண போர்டில் அதைச் சொருக இடமே இருக்காது. விண்டோஸ், டேலி, டைப்பிங் ஆகியவற்றுக்கு 240 அல்லது 256 ஜி.பி. போதும். கூடவே ஒரு சாட்டா கேபிளும் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி கடைக்கு நடக்க வேண்டியிருக்கும்.

போர்டில் எந்த இடத்தில் சொருகுகிறோம் என்பதும் முக்கியம். நான்காம் தலைமுறை இன்டெல்லுக்கு அதிகம் வந்த ஹெச்81 வகை போர்டுகளில் நான்கு சாட்டா துளைகள் உண்டு. அவற்றில் இரண்டுதான் 6 கிகாபிட் வேகம், மற்ற இரண்டும் அதில் பாதி. பல போர்டுகளில் வேகமான துளைகளுக்குத் தனி நிறம் கொடுத்திருப்பார்கள். போர்டிலேயே அச்சடித்தும் இருக்கும்.

பழைய டிஸ்க் மஞ்சள் காட்டியதால், அப்படியே நகலெடுத்து ஒட்டுவதைவிட விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நல்லது. ஏற்கெனவே முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்த விண்டோஸ் 10 என்றால், அதன் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்த்துப் பதிவாகியிருக்கும். டிஸ்க்கை மாற்றி அதே பதிப்பைப் போட்டால் இன்டர்நெட்டில் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். 'விண்டோஸ் கீ' என்று தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைப்பது உத்தமம். தவறிப்போய் அதை ஃபார்மேட் செய்துவிடும் ஆபத்து இருக்காது.

இரண்டாவது செலவு: ரேம்

இந்த வயது கம்ப்யூட்டருக்கு வேண்டியது டி.டி.ஆர்.3 ரேம். இப்போதைய டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 எதுவும் இதில் உட்காராது. நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். எனவே பழைய ரேமை கழற்றி கடைக்கே கொண்டுபோய்க் காட்டுவதுதான் பாதுகாப்பான வழி. காலியாக இருக்கும் இடத்தில் இன்னொரு 4 ஜி.பி. போட்டு 8 ஆக்கினாலே மூச்சுத் திணறல் போய்விடும்.

டி.டி.ஆர்.3 பழைய சரக்காகவே கிடைக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மட்டுமல்ல, மாவட்டத் தலைநகர்களின் சர்வீஸ் கடைகளிலும் இருக்கும். செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் தவறில்லை. சரியில்லை என்றால் மாற்றித் தருவதாக பில்லில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எஸ்.எஸ்.டி.யை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்கக் கூடாது. அதில் எழுதி அழிப்பதற்கு ஓர் ஆயுள் வரம்பு உண்டு. புதிதாக, வாரன்டியோடு வாங்க வேண்டும்.

2025 கடைசியிலிருந்து மெமரி சிப்களின் விலை உலகம் முழுக்க ஏறியிருக்கிறது. ஏ.ஐ. சர்வர்களுக்காகப் பெரும் நிறுவனங்கள் அள்ளிக்கொண்டு போவதே காரணம். 'போன வருஷம் இவ்வளவுதானே' என்று பழைய விலையை நம்பிக் கடைக்குப் போனால் ஏமாற்றம்தான். மூன்று கடைகளில் கேட்டு வாங்குவது நல்லது.

திறக்கும்போது...

மெயின் ஸ்விட்ச்சை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கிய பிறகே கேபினெட்டைத் திறக்க வேண்டும். உள்ளே கைவைப்பதற்கு முன் கேபினெட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டால், உடம்பிலுள்ள நிலை மின்சாரம் இறங்கிவிடும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் பிரிக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

ஃபேனில் படிந்த தூசியை மென்மையான பிரஷ்ஷால் எடுத்தால் சூடு குறையும். போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரியையும் மாற்றிவிடலாம். அதன் பெயர் சி.ஆர்.2032. பெட்டிக்கடை விலைதான். அது தீர்ந்துபோனால் கம்ப்யூட்டரின் தேதி பின்னோக்கி ஓடிவிடும். தேதி தவறினால் பேங்க் வெப்சைட்கூட 'பாதுகாப்பில்லை' என்று பயமுறுத்தும்.

விண்டோஸ் 10 என்ன ஆகும்?

கடைக்காரர் சொன்னதில் சரியான பாதி இங்கேதான் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். நான்காம் தலைமுறை அந்தப் பட்டியலில் இல்லை. குறுக்கு வழியில் போட்டுத் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. மைக்ரோசாஃப்ட் அதற்கு உத்தரவாதம் தருவதில்லை.

வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெற ஒரு திட்டம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்து, செட்டிங்ஸை சிங்க் செய்தால் கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகு? லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் இந்த வயது கம்ப்யூட்டரில் நன்றாகவே ஓடும். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். தமிழ்99, டைப்ரைட்டர் இரண்டு முறையிலும் தமிழ் அடிக்கலாம். ஆனால், டேலி விண்டோஸுக்காகவே செய்யப்பட்டது. எனவே அந்த வீட்டில் இரண்டும் இருக்கும். டேலிக்கு இன்டர்நெட் இணைக்காத விண்டோஸ். மெயில், பேங்க், வெப்சைட் எல்லாவற்றுக்கும் லினக்ஸ்.

காசு போடக் கூடாத இடங்கள்

கம்ப்யூட்டரை வேகமாக்குவதாகச் சொல்லும் மென்பொருள், வீடியோ கேம் விளையாடாத வீட்டுக்கு கிராஃபிக்ஸ் கார்டு, பழைய போர்டுக்காகத் தேடிப் பிடிக்கும் இன்னொரு பழைய பிராசஸர் ஆகிய மூன்றும் வேண்டாம். நம்ப முடியாத விலைக்கு ஆன்லைனில் வரும் '2 டி.பி.' பென் டிரைவும் வேண்டாம். உள்ளே சின்ன சிப்பை வைத்துவிட்டுப் பெரிய அளவைக் காட்டும் போலிகள் நிறைய.

மதர்போர்டே போய்விட்டால் அங்கே நிறுத்திவிட வேண்டும். போர்டு மாற்றினால் பிராசஸர், ரேம் எல்லாம் மாறும். அது ரிப்பேர் இல்லை, புதுக் கம்ப்யூட்டர். அந்த நிலையில், அலுவலகங்களிலிருந்து கழித்து வரும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப்பை வாரன்டியோடு தேடுவதுதான் லாபம். அன்றைக்கு இந்த எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். டி.டி.ஆர்.3 ரேம் கூட வராது. காசை எதில் போடலாம் என்பதற்கு இதுவே கணக்கு. அடுத்த கம்ப்யூட்டருக்கும் கூடவே வருவதைப் புதிதாக வாங்க வேண்டும். இதோடு முடிந்துபோவதைப் பழையதாக வாங்கினால் போதும்.

கழற்றிய ஹார்டு டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடக் கூடாது. டெலிட் செய்தாலும், சும்மா ஃபார்மேட் செய்தாலும் உள்ளே இருக்கும் படங்களைத் திரும்ப எடுக்க முடியும். பீரோவில் கிடக்கட்டும்.

பென் டிரைவ், எஸ்.எஸ்.டி., கேபிள், பழைய ரேம், காசு பேட்டரி. அம்மா பில்களைக் கூட்டிப் பார்த்தபோது 7,000-ஐத் தாண்டவில்லை. மிச்சத்தை ஃபீஸுக்கென்று வைத்திருந்த கவரில் சேர்த்தார்.

மறுநாள் காலை கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு, பழக்கம் போல அடுப்படிக்குக் கிளம்பினார்.

"எங்கம்மா போற? வந்துடுச்சு பாரு" என்றாள் மகள்.

பால் பாத்திரத்தை இன்னும் அடுப்பில்கூட ஏற்றவில்லை.